பென்னாகரம் சாலை வாடகைப் புத்தகக் கடையும் அதன் ருஷ்ய அலமாரியும்

தருமபுரியில் வாடகைக்குப் புத்தகம் கிடைக்கிற இடம் இன்னும் இருக்கிறதா என்று போன மாதம் ஒரு தோழி கேட்டாள். இருக்கிறது. ஏழு மாதமாக ஞாயிறு தவறாமல் போய்க்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பென்னாகரம் சாலையில் ஒரு உரக்கடைக்கு மேல் மாடி. பெயர்ப்பலகை கிடையாது. பக்கவாட்டுச் சந்தில் செங்குத்தான படி, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும்தான், முட்டிவலி இருப்பவர்கள் கீழேயிருந்து குரல் கொடுத்தால் கேட்ட புத்தகத்தைப் பையில் போட்டுக் கயிற்றில் இறக்குவார்கள். நடத்துகிறவர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். பெயரையோ போன் நம்பரையோ எங்கேயும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் ஐயா என்றே எழுதுகிறேன்.

முன்பணம் 500 ரூபாய், திரும்பப் பெறலாம். வாரத்துக்கு 20 ரூபாய், தடிப் புத்தகம் என்றால் இரண்டு வாரத்துக்கு 30. மாலை 5 முதல் 8.30 வரை, ஞாயிறு காலை 10 முதல் 1 வரை, திங்கள் விடுமுறை. போனில் பணம் அனுப்ப வழி இல்லை, சில்லறையாகக் கொண்டு போக வேண்டும். முன்பக்க அலமாரிகளில் குடும்ப நாவல், துப்பறியும் நாவல், டிஎன்பிஎஸ்சி வழிகாட்டிகள். கடை ஓடுவது இவற்றால்தான். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை, மற்ற இடங்களில் கிடைப்பதுதான்.

நான் போவது பின்பக்கச் சுவரை ஒட்டிய ஒரே ஒரு அலமாரிக்காக. அறுபது எழுபது ருஷ்யப் புத்தகங்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சோவியத் புத்தகங்களை வேனில் வைத்து ஊர் ஊராக விற்பார்கள் இல்லையா, கெட்டி அட்டை போட்ட நாவல் ஒரு சாப்பாட்டுக் காசுக்குக் கிடைக்குமாம், டிரிப்புக்கு நடுவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வாங்கியிருக்கிறார். பிற்பாடு வந்த தமிழ்ப் பதிப்புகளையும் சேர்த்திருக்கிறார். எம்.ஏ. சுசீலா மொழிபெயர்த்த தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்', 'அசடன்' இரண்டும் நல்ல நிலையில் உள்ளன. தமிழில் கைக்குக் கிடைக்காதவற்றுக்கு ஆங்கிலப் பிரதி.

இந்த அலமாரியின் அடுக்குதான் இந்த விமர்சனத்தை எழுத வைத்தது. எழுத்தாளர் பெயர்ப்படி இல்லை, அகர வரிசையும் இல்லை. யாருக்கு யார் பதில் எழுதினார்களோ அந்த வரிசையில் அடுக்கியிருக்கிறார். முதல் நாள் நான் நேராகத் தஸ்தயெவ்ஸ்கியின் 'கரமாஸவ் சகோதரர்கள்' மேல் கை வைத்தேன், கல்லூரியில் எண்பது பக்கத்தோடு விட்டது, அந்தக் குறை மனசில் இருந்தது. ஐயா தடுத்தார். "இது கடைசித் தட்டும்மா. இந்த ஆள் ஒண்ணு சொன்னான், அதுக்கு அந்த ஆள் பதில் சொன்னான், அதுக்கு இன்னொருத்தன் சண்டைக்கு வந்தான். பதிலை முதல்ல படிச்சா என்னத்தைப் புரியும்?" என்று துர்கனேவின் 'தந்தையரும் தனயரும்' புத்தகத்தை எடுத்துக் கையில் வைத்தார். அன்றைக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. இப்போது அவருக்கு நன்றி சொல்கிறேன்.

இரண்டு சின்ன ஏற்பாடுகளைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு நாவலின் அட்டைக்குள்ளும் ஒரு போஸ்ட் கார்டு இருக்கும். அதில் அவர் கையெழுத்தில் பெயர்கள், 'கரமாஸவ்' கார்டில் இப்படி: திமீத்ரி என்றாலும் மீத்யா என்றாலும் மூத்தவன், அலெக்சேய் என்றாலும் அல்யோஷா என்றாலும் கடைசித் தம்பி, நடுவில் வருவது அப்பா பெயர், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ருஷ்ய நாவலைப் பாதியில் வைத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்தப் பெயர்களில் வழி தவறியவர்களாகத்தான் இருப்பார்கள், நானும் அதில் ஒருத்தி. இரண்டாவது, பின் அட்டையில் ஒட்டிய சீட்டுகள். புத்தகத்தில் கிறுக்கக் கூடாது, ஆனால் சொல்ல ஏதாவது இருந்தால் பென்சிலில் சீட்டு எழுதிக் கொடுக்கலாம், ஒட்டி வைப்பார். சில நாவல்களில் இருபது வருஷச் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன, ஒருவர் எழுதியதை அடுத்தவர் மறுத்திருக்கிறார்.

சரி, புத்தகங்களுக்கு வருகிறேன். துர்கனேவின் நாவல் 1862ல் வந்தது. கதை நடப்பது 1859ல், பண்ணையடிமை முறை ஒழிவதற்கு இரண்டு வருஷம் முன்னால். பஸாரவ் மருத்துவம் படித்த இளைஞன், தவளையை அறுத்துப் பார்க்கிறவன், கவிதை, காதல், பரம்பரை, சாமி எதற்கும் தலை வணங்காதவன். கையால் தொட்டுச் சோதித்துப் பார்க்க முடியாத எதையும் ஏற்க மாட்டான். நிஹிலிஸ்ட், அதாவது எதையும் ஏற்காதவன், என்ற சொல்லை ஊரெல்லாம் பேச வைத்தது இந்த நாவல்தான். நண்பனின் பெரியப்பா பாவெல் பெத்ரோவிச் பழைய தலைமுறை, ஒழுங்கு, கொள்கை, நல்ல உடுப்பு. இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் மோதுகிற பக்கங்களைப் படிக்கும்போது நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் காலேஜ் போய் வந்த பையனுக்கும் நடக்கிற பேச்சு அப்படியே கேட்கிறது.

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். அதனால் பஸாரவ் சாகிற இடத்தை என்னால் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை. டைபஸ் காய்ச்சலில் இறந்த ஒரு விவசாயியின் உடலைப் பரிசோதிக்கும்போது விரலை அறுத்துக்கொள்கிறான். காயத்தைச் சுட்டுவிட வேண்டும், அதற்கான மருந்து அந்த வட்டார மருத்துவரிடம் இல்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்கிறான், அவரும் பழைய ராணுவ மருத்துவர், பதறிப்போய் எடுத்துக் கொடுக்கிறார், ஆனால் நாலு மணி நேரம் கழிந்துவிட்டது என்று மகனே கணக்குச் சொல்கிறான். சில வருஷம் முன்பு, வேறு ஊரில் வேறு இடத்தில் வேலை பார்த்தபோது எனக்கு ஊசி குத்திவிட்டது. அந்த மாதிரி நேரத்தில் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. அங்கே மாத்திரை இருப்பில் இல்லை, பொறுப்பில் இருந்தவர் நாளைக்குப் பார்க்கலாம் என்றார், அன்று இரவு முழுக்க நான் மணியை எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த நாலு மணி நேரம் என்ற சொல்லைத் துர்கனேவ் எங்கிருந்து எடுத்தார் என்று எனக்குத் தெரியும். எதையும் நம்பாத பஸாரவைச் சாகடிக்க அவர் இடியையோ சாபத்தையோ கூப்பிடவில்லை. ஒரு மருத்துவனுக்கு வேலையில் வரக்கூடிய காயத்தைக் கொடுத்தார். அந்தப் பையனும் கடைசி வரை தன் நோயைத் தானே கவனித்துக் குறிப்புச் சொல்லிக்கொண்டேதான் சாகிறான்.

ஐயா இதைத்தான் முதல் பாடமாக வைத்திருக்கிறார் என்று தோன்றியது. ஒருவன் ஒரு தத்துவம் பேசினால் இந்த எழுத்தாளர்கள் அவனுக்கு உடம்பு கொடுப்பார்கள், தொழில் கொடுப்பார்கள், அம்மா அப்பா கொடுப்பார்கள், பிறகு அந்தத் தத்துவம் எத்தனை நாள் அந்த உடம்பில் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். குடியானவர்களோடு பேச எனக்குத் தெரியும் என்று பெருமைப்படுகிற பஸாரவை அந்தக் குடியானவர்களே ஒரு கோமாளியாகத்தான் பார்க்கிறார்கள், அது அவனுக்குத் தெரியவே தெரியாது என்று துர்கனேவ் ஒரே வரியில் சொல்லிப் போகிறார். நாவல் வந்தபோது இளைஞர்கள் எங்களைக் கேலி செய்துவிட்டார் என்றார்கள், பெரியவர்கள் இந்தத் தறுதலைகளைத் தூக்கி வைத்துவிட்டார் என்றார்கள். துர்கனேவோ, கலையைப் பற்றி அவன் சொல்வதைத் தவிர மற்றதில் ஏறக்குறைய பஸாரவின் கருத்துகள்தான் எனக்கும் என்று பின்னால் எழுதினார்.

இந்தப் பிரதியில் எட்டுப் பக்கம் இல்லை. ஆனால் முன்னால் படித்த யாரோ ஒருவர் அந்த எட்டுப் பக்கத்தையும் கோடு போட்ட நோட்டுத் தாளில் கையால் எழுதி உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார். அழகான கையெழுத்து. யார் என்று ஐயாவுக்கு நினைவில்லை.

அடுத்தது செர்னிஷேவ்ஸ்கியின் 'என்ன செய்ய வேண்டும்?', ஆங்கிலப் பிரதி, நான் பாதிதான் படித்தேன், உண்மையைச் சொன்னால் கதையாக அது நகரவில்லை. ஆனால் அது எழுதப்பட்ட விதம் தெரிந்தால் மரியாதை வருகிறது. 1862ல் கைதாகிப் பீட்டர்-பால் கோட்டைச் சிறைக்குள் இருந்து எழுதியது, 1863ல் தணிக்கைக்காரர்களின் கவனக்குறைவால் பத்திரிகையில் வந்துவிட்டது, நடுவில் அந்தப் பத்திரிகையின் ஆசிரியரான கவிஞர் நெக்ராசவ் கையெழுத்துப் பிரதியைத் தெருவில் தொலைத்துவிட்டுப் பேப்பரில் விளம்பரம் கொடுத்து மீட்டார். மனிதன் தன் நன்மை எது என்று அறிவால் தெரிந்துகொண்டால் எல்லோருக்கும் நல்லதையே செய்வான், அப்போது எல்லோரும் கண்ணாடி மாளிகையில் ஒற்றுமையாக வாழலாம் என்பது அதன் நம்பிக்கை. லெனின் இந்தப் பெயரையே தன் 1902ஆம் வருஷப் பிரசுரத்துக்கு வைத்தார்.

அதற்குப் பக்கத்திலேயே, முதுகோடு முதுகு உரசுகிற மாதிரி, தஸ்தயெவ்ஸ்கியின் 'நிலவறைக் குறிப்புகள்', 1864. தனக்குத் தீங்கு என்று தெரிந்தும் மனிதன் ஒன்றைச் செய்வான், தன் இஷ்டம் என்று காட்டுவதற்காகவே செய்வான், இரண்டும் இரண்டும் நாலு என்பதைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது என்று ஒரு ஓய்வுபெற்ற குமாஸ்தா கத்துகிறான். செர்னிஷேவ்ஸ்கியின் நாயகர்களில் ஒருவன் தெருவில் ஒரு பெரிய மனிதருக்கு வழிவிட மறுத்து நிமிர்ந்து நடப்பான். தஸ்தயெவ்ஸ்கியின் ஆள் ஒரு அதிகாரியின் தோளில் இடிப்பதற்கு எத்தனையோ நாள் திட்டமிட்டு, கடன் வாங்கிக் கோட்டுக் காலர் மாற்றி, கடைசியில் இடித்தும் விடுகிறான், அந்த அதிகாரி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முதல் புத்தகத்தைப் புரட்டாமல் இதைப் படித்திருந்தால் வெறும் கிறுக்கனின் புலம்பலாகப் போயிருக்கும். இந்த இரண்டையும் சேர்த்து ஒரே வாடகைக்குத் தருகிறார், கேட்டு வாங்குங்கள்.

'குற்றமும் தண்டனையும்' (1866) பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். அடகுக்காரக் கிழவியைக் கொல்லப்போகிற முன்னாள் மாணவன் ரஸ்கோல்னிகவ், தன் வீட்டு வாசலிலிருந்து அவள் வீடு வரை காலடியை எண்ணி வைத்திருக்கிறான், 730. டிக்கெட் எண்ணியே வாழ்ந்த ஐயாவுக்கு அந்த எண் ரொம்பப் பிடிக்கும். அசாதாரண மனிதனுக்கு ரத்தத்தைத் தாண்டிப் போக உரிமை உண்டு என்ற அவன் கணக்கில் ஒரு கிழவிதான் இருந்தாள். கதவு திறந்து கிடந்தது, அவள் தங்கை லிஸவேதா உள்ளே வந்துவிட்டாள், யாருக்கும் தீங்கு நினைக்காதவள், அடிப்பதைத் தடுக்கக் கையைக்கூடச் சரியாகத் தூக்கத் தெரியாதவள். இந்த உரிமையைப் பற்றி அவன் எழுதிய கட்டுரையில் அந்த இரண்டாவது பெண்ணுக்கு இடமே இல்லை. இந்தப் புத்தகத்தின் சீட்டுகளில் ஒன்று தருமபுரி மாவட்டத்தில் 1980ஐ ஒட்டி நடந்தவற்றைப் பற்றியது, நக்சல்பாரி இயக்கமும் அதை ஒடுக்கிய போலீஸ் நடவடிக்கையும். எழுதியவர் யார் பக்கமும் பேசவில்லை, இரண்டு பக்கத்துக் கணக்கிலும் வராமல் செத்தவர்களை யார் எண்ணினார்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

மூன்றாம் தட்டு தல்ஸ்தோய். இங்கே ஐயா எனக்கு ஒரு விஷயம் சொன்னார், அது தெரியாமல் இத்தனை நாள் இருந்திருக்கிறேன். 'ரூஸ்கி வேஸ்த்னிக்' என்ற ஒரே மாதப் பத்திரிகையில்தான் 'தந்தையரும் தனயரும்', 'குற்றமும் தண்டனையும்', 'அன்னா கரீனினா', 'கரமாஸவ் சகோதரர்கள்' எல்லாம் வந்தன. முதல் நாவல் ஒரே இதழில் முழுசாக, மற்ற மூன்றும் தொடர்கதை! வாரப் பத்திரிகையைப் பஸ்ஸில் வரும் வரை காத்திருந்து பிரித்த நம் ஊர் வாசகர்களுக்கு அந்தத் தவிப்பை விளக்க வேண்டியதில்லை. 'அன்னா கரீனினா' 1875லிருந்து 1877 வரை ஓடியது, கடைசிப் பகுதியில் செர்பியாவுக்குப் போருக்குப் போன தொண்டர்களைப் பற்றித் தல்ஸ்தோய் எழுதியதைப் பத்திரிகை ஆசிரியர் கத்கவ் ஏற்கவில்லை, அதனால் அந்தப் பகுதியைத் தல்ஸ்தோய் தனியாக அச்சிட்டார். 1872ல் அவர் பக்கத்து நிலக்கிழாரோடு வாழ்ந்துவந்த அன்னா என்ற பெண் யாசென்கி ரயில் நிலையத்தில் ரயில் முன் விழுந்து இறந்தாள், பிரேதப் பரிசோதனை நடந்த இடத்துக்குத் தல்ஸ்தோய் போய்ப் பார்த்தார். நாவல் அதிலிருந்து நேராக வந்துவிடவில்லை, ஆனால் அந்தச் சாவைப் பார்த்த கண் அதில் இருக்கிறது.

எனக்கு அன்னாவைவிட அதே நாவலில் வரும் நிலக்கிழார் லேவின் நெருக்கமாக இருந்தான், அதற்கு எங்கள் ஊர்தான் காரணம். அவன் குடியானவர்களோடு வரிசையில் நின்று புல் அறுக்கிறான். மத்தியானம் ஒரு கிழவர் ரொட்டியைக் கிண்ணத்தில் பிய்த்துப் போட்டு, தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு நீட்டுகிறார், லேவின் வீட்டுச் சாப்பாட்டை மறந்துவிட்டு அதைச் சாப்பிடுகிறான். பாலக்கோடு பக்கம் எங்கள் தாத்தா காட்டில் ராகிக் கூழில் உப்பைப் போட்டுக் கரைத்து நீட்டுவாரே, அதே கை. அதே லேவின் பின்னால் வாழ்வதற்குப் பொருள் என்ன என்று தெரியாமல், தூக்குப் போட்டுக்கொள்வேனோ என்று பயந்து கயிற்றை ஒளித்து வைக்கிறான். படித்த புத்தகம் எதுவும் உதவவில்லை. களத்தில் ஒரு ஆள், வேறொரு கிழவரைப் பற்றி, அவர் ஆன்மாவுக்காக வாழ்கிறார், கடவுளை மறப்பதில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னது அவனைத் தூக்கி நிறுத்துகிறது. இவ்வளவு பெரிய வெளிச்சம் கிடைத்த பிறகு வண்டியில் ஏறுகிறான், வண்டிக்காரன் மேல் எரிந்து விழுகிறான், அதே பழைய கோபம். தல்ஸ்தோய் அந்த வண்டிக்காரனை விட்டிருந்தால் நான் லேவினை நம்பியிருக்க மாட்டேன்.

இனிக் கடைசித் தட்டு. 'கரமாஸவ் சகோதரர்கள்' 1879 ஜனவரியிலிருந்து 1880 நவம்பர் வரை தொடராக வந்தது, முடித்துச் சில மாதங்களில், 1881ல், தஸ்தயெவ்ஸ்கி இறந்துவிட்டார். எழுதத் தொடங்கிய காலத்தில், 1878 மே மாதம், மூன்று வயது நிரம்பாத அவர் மகன் அல்யோஷா வலிப்பில் இறந்தான். அப்பாவிடமிருந்து வந்த நோய். அதன் பிறகு அவர் ஓப்தினா மடத்துக்குப் போனார். நாவலில் ஒரு தாய் துறவி ஸோசிமாவிடம் வந்து அழுகிறாள், பிள்ளைக்கு மூன்று வயது நிறைய மூன்று மாதம் இருந்தது என்கிறாள், பெயர் அலெக்சேய். அந்தப் பக்கத்தைப் பஸ்ஸில் படித்தேன், மூடி வைத்துவிட்டேன்.

நாவலின் நடுவில் அண்ணன் இவானும் தம்பி அல்யோஷாவும் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். கடவுள் படைத்த உலகத்தை ஏன் ஏற்க முடியாது என்று இவான் சொல்கிற பேச்சு. அதற்கு முன்னால் மீன் சூப் சொல்கிறான், டீ சொல்கிறான், சின்ன வயசில் உனக்குப் பிடிக்குமே என்று செர்ரிப் பழ ஜாமும் சொல்கிறான். தம்பிக்குப் பிடித்ததை நினைவு வைத்திருக்கிற இந்த அண்ணன்தான் அடுத்த பக்கங்களில் குழந்தைகள் பட்ட சித்திரவதைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறான், பின்னால் வரப்போகிற எந்தச் சொர்க்கமும் ஒரு குழந்தையின் கண்ணீருக்கு ஈடாகாது, என் நுழைவுச்சீட்டைத் திருப்பித் தருகிறேன் என்கிறான். அந்தச் சம்பவங்கள் கற்பனை இல்லை, பேப்பரில் வந்தவை என்று தஸ்தயெவ்ஸ்கி பத்திரிகைக்காரர்களுக்கு எழுதினார். அவர் கடவுள் நம்பிக்கை உள்ளவர், இவானுக்குப் பதிலாகத்தான் துறவியின் பகுதியை எழுதினார், ஆனாலும் அந்தப் பதில் போதுமா என்று நடுங்கிக்கொண்டிருந்ததை அவரே கடிதத்தில் சொல்லியிருக்கிறார். எதிராளிக்குத் தன்னைவிட நல்ல பேச்சைக் கொடுத்துவிட்டு ஒருவர் நடுங்குகிறார். இதைவிட நேர்மையான சண்டையை நான் படித்ததில்லை.

இந்தப் புத்தகத்தின் பின் அட்டையில் ஒரு சீட்டு. தேதி இல்லை. "இதைப் படித்துவிட்டு என் அக்காவை நினைத்தேன். பிறந்த மூன்றாம் நாள். எனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்பதே பாட்டி சாகும்போதுதான் தெரியும்." இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை. பெண் சிசுக்கொலைக்காகச் சேலம், தருமபுரி என்று ஊர் பெயர்கள் பேப்பரில் வந்த காலம் ஒன்று இருந்தது, தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல் சேலத்தில் தொடங்கியதே அதனால்தான். அந்தச் சீட்டுக்குக் கீழே வேறொரு கையெழுத்து: "சாமியைக் கேட்கும் முன்னால் வீட்டில் இருந்தவர்களைக் கேட்க வேண்டும்." நான் ரொம்ப நேரம் அந்த இரண்டு சீட்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நாவலும் கடைசியில் அங்கேதான் போகிறது. கடவுளிடம் கணக்குக் கேட்ட இவான், அப்பாவுக்கு ஆபத்து என்று அரைகுறையாகத் தெரிந்தும் ஊரைவிட்டுப் போகிறான். எல்லாம் செய்யலாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று, அப்பாவைக் கொன்ற வீட்டுச் சமையல்காரன் ஸ்மெர்த்யகவ் பின்னால் அவன் முகத்துக்கு நேரே சொல்கிறான். அந்த இடத்தில் இவானின் புத்தி தடுமாறத் தொடங்குகிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பின்பக்கம் வெளிச்சம் போதாது, ஒரே ஒரு டியூப் லைட், செல்போன் டார்ச் இல்லாமல் முதுகில் இருக்கும் பெயர் தெரியாது. தூசி அதிகம், ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு போங்கள். கழிப்பறை கிடையாது. இரண்டு பாகமாக உள்ள நாவலில் முதல் பாகத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் இரண்டாம் பாகம், இதில் எனக்கு ஐயாவோடு சண்டையே வந்திருக்கிறது, வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்கு இது ரொம்பச் சிரமம். பழைய மொழிபெயர்ப்புகள் சிலவற்றின் தமிழ் கரடுமுரடு, வாக்கியம் எங்கே முடிகிறது என்று தேட வேண்டியிருக்கும். தஸ்தயெவ்ஸ்கியின் 'பேய்கள்' இல்லை, யாரோ எடுத்துப் போய்த் திருப்பவில்லையாம், அந்த இடத்தை இன்னும் காலியாகவே வைத்திருக்கிறார். வரிசையை மீறி எடுக்கவே விடமாட்டார் என்று நினைக்க வேண்டாம், வற்புறுத்தினால் கொடுத்துவிடுவார், ஆனால் வற்புறுத்தாதீர்கள்.

நான் போன வாரம் முடித்தது செகாவ் எழுதிய 'ஆறாவது வார்டு', 1892. அலமாரியின் கடைசி மூலை. செகாவ் மருத்துவர், 1890ல் சைபீரியாவைக் கடந்து சகலின் தீவுக்குப் போய்க் கைதிகளை ஆளுக்கொரு அட்டை போட்டுக் கணக்கெடுத்து வந்தவர், அதற்கு இரண்டு வருஷம் கழித்து எழுதிய கதை. ரயில் நிலையத்திலிருந்து வெகுதூரத்தில் ஒரு சின்ன ஊர், அதில் ஒரு பாழடைந்த மருத்துவமனை, அதன் பின்கட்டில் மனநோயாளிகள் ஐந்து பேர். மருத்துவர் ராகின் நல்லவர், படிப்பாளி, சாயங்காலம் ஆனால் தத்துவப் புத்தகமும் ஊறுகாய் வெள்ளரியும் வோட்காவும். சாவு இயற்கை, துன்பம் மனசில் இருக்கிறது, கதகதப்பான படிப்பறைக்கும் இந்த வார்டுக்கும் வித்தியாசமில்லை, அமைதி நமக்குள்ளேதான் என்கிறார். நோயாளி குரோமவ் கேட்கிறான்: இதைப் போய் ஆரஞ்சு வாசம் வீசுகிற, வெயில் அடிக்கிற கிரீஸில் சொல்லுங்கள், இந்தக் குளிருக்கு இது சரிப்படாது, உங்களைச் சின்ன வயசில் யாராவது அடித்திருக்கிறார்களா? இல்லை என்கிறார் மருத்துவர். கடைசியில் அவரையே அந்த வார்டில் போட்டுப் பூட்டுகிறார்கள். கதவைத் திற என்கிறார், காவலாளி நிகிதா முகத்தில் குத்துகிறான், மறுநாள் இறந்துவிடுகிறார். அந்தக் குத்து இருபது வருஷமாக அந்த நோயாளிகள் வாங்கிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் அவருக்கு உறைக்கிறது. கேள்வியைச் சரியாக வைப்பதுதான் எழுத்தாளன் வேலை, தீர்வு சொல்வது அவன் கடமை இல்லை என்று செகாவ் ஒரு கடிதத்தில் எழுதினார், இந்தக் கதையில் அதைச் செய்தும் காட்டியிருக்கிறார்.

நைட் டியூட்டியில் எங்கள் வார்டு ஆயாம்மாவுக்கு இந்தக் கதையை முழுசாகச் சொன்னேன். ஐம்பத்தைந்து வயசு, இருபது வருஷமாக அதே வேலை. மருத்துவர் சொன்னதையும் குரோமவ் சொன்னதையும் அமைதியாகக் கேட்டார்கள். முடிந்ததும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்தக் காவக்காரனுக்கு என்ன சம்பளம் குடுத்தாங்க பாப்பா? ராத்திரியும் அவனேதான் நின்னானா, மாத்திவிட ஆள் உண்டா?" என்று கேட்டார்கள். செகாவும் குரோமவும் ராகினும் யாரும் கேட்காத கேள்வி. ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைத் திருப்பும்போது ஆயாம்மா பெயரைப் போடாமல், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே அதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். ஐயா இரண்டு தடவை படித்தார், பிறகு பசை டப்பாவை எடுத்தார்.